அந்த இருநூறு வண்டி எங்கிருந்து வந்தது?

டெல்லியில் ஆசிரம் சவுக் என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. நகரைச் சுற்றிவரும் ரிங் ரோடும், தெற்கே பரீதாபாத்துக்குப் போகும் மதுரா ரோடும் அங்கேதான் சந்திக்கின்றன. யமுனைக்கு அப்பால் இருக்கும் நொய்டாவிலிருந்து வரும் வண்டிகளும் அதன் அருகில்தான் வந்து சேர்கின்றன. நொய்டா இருப்பது உத்தரப் பிரதேசத்தில். பரீதாபாத் இருப்பது ஹரியானாவில். ஆக, மூன்று மாநில வண்டிகள் ஒரே இடத்தில் முட்டி மோதுகின்றன. அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தவர் “ஆசிரமில் மாட்டிக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டால் போதும், டெல்லியில் மேற்கொண்டு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அங்கே நீண்ட காலமாகவே ஒரு மேம்பாலம் உண்டு. 2022-இல் சுரங்கச் சாலை ஒன்றைத் திறந்தார்கள். 2023-இல் மேம்பாலத்தை நொய்டா சாலை வரைக்கும் நீட்டினார்கள். இவ்வளவு செய்தும் காலையிலும் மாலையிலும் வண்டிகள் நிற்கத்தான் செய்கின்றன. ஏன்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பென்சிலை எடுங்கள்.

சிக்னலுக்கு முன்னால் ஒரு கணக்கு

ஒரு சந்தியை ஒரு மணி நேரத்தில் 1,800 வண்டிகள் கடக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணி முதல் 10 மணி வரை, மணிக்கு 2,000 வண்டிகள் வருகின்றன. (இவை கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள்தான்.) ஒவ்வொரு மணி நேரமும் 200 வண்டிகள் மிஞ்சும். இரண்டு மணி நேரத்தில் 400 வண்டிகள் வரிசையில் நிற்கும். இடைவெளியோடு சேர்த்து ஒரு வண்டிக்கு 7 மீட்டர் வேண்டும் என்றால், ஒரே வரிசையாக நிற்கும்போது அதன் நீளம் 2,800 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர்!

பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைகிறது. மணிக்கு 1,600 வண்டிகள்தான் வருகின்றன. உடனே நெரிசல் தீர்ந்துவிடுமா? தீராது. இப்போது மணிக்கு 200 வண்டிகள்தான் கூடுதலாகப் போக முடியும். ஏற்கெனவே நிற்பவை 400. அவை தீர இன்னும் இரண்டு மணி நேரம், அதாவது பகல் 12 மணி ஆகும். “பதினோரு மணிக்குக்கூட இப்படியா?” என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பதினோரு மணிக்கு நிற்கும் வரிசை, ஒன்பது மணியின் மிச்சம்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. 2,000-இல் 200 என்பது பத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு மட்டும் அந்த நேரத்தில் அங்கே வராமல் இருந்தால் வரிசையே உண்டாகாது. மூன்று கிலோமீட்டர் வரிசையும் நான்கு மணி நேர அவதியும் அந்த இருநூறு வண்டிகளால்தான். மீதி 1,800 வண்டிகளை யாரும் தொட வேண்டியதே இல்லை.

சாலைத் திட்டம் போடுகிறவர்கள் தேடுவது அந்த இருநூறைத்தான். அவை எங்கிருந்து வருகின்றன? எதற்காக வருகின்றன? வேறு வழியில், வேறு வண்டியில், வேறு நேரத்தில் போக முடியுமா?

காரணமே இல்லாமல் வரும் நெரிசல்

விபத்து இல்லை, சிக்னல் இல்லை, மாடு குறுக்கே வரவில்லை. ஆனாலும் வண்டிகள் திடீரென நின்று நின்று போகும். இது எப்படி?

ஜப்பானில் யூகி சுகியாமா என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இதை நேரில் செய்து பார்த்தார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டார்கள். “எல்லோரும் ஒரே சீராக, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள்” என்று சொன்னார்கள். கொஞ்ச நேரம் சரியாகவே ஓடியது. பிறகு யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் அதைக் கவனித்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒரு நொடி கடந்துவிட்டது. அதனால் அவர் சற்று அழுத்தியே மிதிக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அழுத்தி மிதித்தார். கடைசியில் சில கார்கள் முழுசாக நின்றேவிட்டன. கார்கள் முன்னோக்கிப் போக, நெரிசல் மட்டும் ஓர் அலையைப் போலப் பின்னோக்கி, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. 2008-இல் இந்த ஆய்வு வெளியானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சாலை கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக வண்டிகள் வந்துவிட்டாலே, ஒருவரின் சின்னத் தடுமாற்றம் நெரிசலாகிவிடும். ஹார்ன் அடித்துப் பயனில்லை. சாலையில் கொஞ்சம் காலி இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

அப்படியானால் சாலையை அகலமாக்கலாமே?

நல்ல கேள்வி. ஆனால் சாலை அகலமானதும் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இதுவரை நெரிசலுக்குப் பயந்து மெட்ரோவில் போனவர், “இப்போதுதான் ரோடு காலியாக இருக்கிறதே” என்று காரை எடுப்பார். காலை ஏழு மணிக்கே கிளம்பியவர் ஒன்பதுக்குக் கிளம்புவார். ஊருக்கு வெளியே, தூரத்தில் வீடு வாங்குவார் இன்னொருவர். சில ஆண்டுகளில் புதுச் சாலையும் நிரம்பிவிடும். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், நெடுஞ்சாலையின் நீளம் எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் அதில் ஓடும் வண்டிகளின் ஓட்டமும் கூடுகிறது என்று 2011-இல் காட்டினார்கள்.

டெல்லியின் ரிங் ரோடே இதற்குச் சாட்சி. நகரைத் தொடாமல் சுற்றிப் போவதற்கென்றுதான் அதைப் போட்டார்கள். நகரம் அதைத் தாண்டி வளர்ந்தது. அடுத்து அவுட்டர் ரிங் ரோடு வந்தது. நகரம் அதையும் தாண்டியது. 1951-இல் டெல்லியின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். 2011-இல் சுமார் 1 கோடியே 68 லட்சம். அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து மடங்கு!

சரி, ஒரே அகலமுள்ள ஒரு தடத்தில் மணிக்கு எத்தனை பேர் போகலாம்? இதையும் கணக்குப் போடுவோம்.

கார்: இரண்டு நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 1,800 கார்கள். இரண்டு கார்களில் மூன்று பேர் என்று வைத்தால் 2,700 பேர்.

பேருந்து: அரை நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் 7,200 பேர்.

மெட்ரோ: மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒவ்வொன்றிலும் 1,500 பேர் என்றால் 30,000 பேர்.

அந்த இருநூறு வண்டிகளில் பயணம் செய்பவர்களை எங்கே ஏற்றலாம் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எங்கிருந்து, எங்கே, எதில், எந்த வழியில்?

போக்குவரத்துப் பொறியாளர்கள் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள்.

முதலில், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை பயணங்கள் கிளம்புகின்றன? வீடுகள், பள்ளிகள், கடைகள், அலுவலகங்கள் எத்தனை என்று தெரிந்தால் இதை மதிப்பிடலாம்.

இரண்டாவது, அவை எங்கே போய்ச் சேர்கின்றன? வேலை நிறைய இருக்கும் இடம் ஆட்களை அதிகம் இழுக்கும். தூரம் கூடக் கூட அந்த இழுப்பு குறையும். நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்ற ஒரு சூத்திரத்தையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, எதில் போகிறார்கள்? நடந்தா, சைக்கிளிலா, பேருந்திலா, மெட்ரோவிலா, காரிலா? செலவு, நேரம், வீட்டிலிருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இதில் சேரும்.

நான்காவது, எந்த வழியில் போகிறார்கள்? இதைச் சாலை வரைபடத்தில் ஏற்றினால், எந்தச் சந்தியில் எத்தனை வண்டிகள் சேரும் என்பது கணினியில் தெரிந்துவிடும்.

இந்த நான்கையும் இன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது. இருபது ஆண்டு கழித்து எத்தனை வீடுகள் இருக்கும், வேலைகள் எங்கே இருக்கும் என்றும் கணித்து, மறுபடி அதே கணக்கைப் போடுவார்கள். நீண்டகாலத் திட்டம் என்பது இதுதான்.

எல்லைக் கோட்டில் நிற்காத வண்டிகள்

டெல்லிக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டபோது ஒரு சிக்கல் வந்தது. ஆசிரமில் நிற்கும் வண்டி நொய்டாவில் கிளம்பியிருக்கலாம், பரீதாபாத்தில் கிளம்பியிருக்கலாம். அந்த ஊர்களில் வீடு கட்ட அனுமதி தருவதும், பேருந்து விடுவதும் வேறு மாநில அரசுகள். டெல்லி தனியாகத் திட்டம் போட்டு என்ன செய்ய முடியும்?

நம் ஊர் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். மேல் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் கீழ் ஏரிக்குத்தான் வரும். கீழ் ஏரியின் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் பலன் இல்லை. மேலே இருக்கும் ஏரிகள் அத்தனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்காக 1985-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியம் அதன்மூலம் உருவானது. டெல்லியும், ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களின் பல மாவட்டங்களும் சேர்ந்ததுதான் இந்த மண்டலம். டெல்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். மண்டலத்தின் பரப்போ சுமார் 55,000 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தைவிடப் பெரியது!

முதல் மண்டலத் திட்டம் 1989-இல் வந்தது. அடுத்தது 2021-ஆம் ஆண்டைக் குறிவைத்து 2005-இல் வந்தது. போக்குவரத்துக்கென்றே தனியாக, 2032-ஐ இலக்காக வைத்து இன்னொரு திட்டமும் எழுதினார்கள். இந்தத் திட்டங்கள் சொல்வதை வைத்து, அந்த இருநூறு வண்டிகளை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

டெல்லியில் வேலையே இல்லாத லாரிகள்

பஞ்சாபிலிருந்து ஆக்ராவுக்குப் போகும் ஒரு லாரிக்கு டெல்லியில் எந்த வேலையும் இல்லை. ஆனால் வழி டெல்லிக்குள்தான் இருந்தது. ராத்திரி முழுக்க இப்படிப்பட்ட லாரிகள் புகையைக் கக்கிக்கொண்டு நகருக்குள் ஓடின. நகரத்துக்கு வெகு வெளியே ஒரு சுற்றுச் சாலை வேண்டும் என்று திட்டம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதைப் போடும்படி உத்தரவிட்டது. நிலம் வாங்குவதிலும் ஒப்பந்தத்திலும் இழுபறியாகி, 2018-இல்தான் வேலை முடிந்தது. கிழக்குச் சுற்றுச் சாலை மே மாதமும், மேற்குச் சுற்றுச் சாலை நவம்பர் மாதமும் முழுமையாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 135 கிலோமீட்டர். வடக்கே குண்ட்லியில் பிரியும் இரண்டும் தெற்கே பல்வலில் சேர்ந்துகொள்கின்றன. இன்று அந்த லாரி டெல்லியைத் தொடாமலே போகலாம்.

தினமும் வந்து போகிறவர்கள்

மீரட்டில் வீடு, டெல்லியில் வேலை. இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் உண்டு. இவர்களுக்கு மெட்ரோ சரிப்படாது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையத்தில் நின்று நின்று போனால் மீரட் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். நீண்டதூர ரயில் தண்டவாளங்களிலோ ஏற்கெனவே இட நெருக்கடி.

ஆகவே மண்டலத்துக்கென்றே விரைவு ரயில் தடங்கள் எட்டு வேண்டும் என்று 2032 திட்டம் குறித்தது. மீரட், ஆல்வர், பானிபட் என்ற மூன்று ஊர்களுக்குப் போகும் தடங்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். 2013-இல் இதற்காக ஒரு நிறுவனம் உருவானது. அதில் மத்திய அரசுக்குப் பாதிப் பங்கு. டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் நான்குக்கும் ஆளுக்கு 12.5 விழுக்காடு. எல்லோரும் காசு போட்டால்தானே எல்லோருக்கும் அக்கறை வரும்!

82 கிலோமீட்டர் நீளமுள்ள டெல்லி-மீரட் தடத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். சாகிபாபாத்துக்கும் துஹாய்க்கும் இடையே முதல் 17 கிலோமீட்டர் 2023 அக்டோபரில் திறந்தது. 2025 ஜனவரியில் ரயில் டெல்லிக்குள் நியூ அசோக் நகர் வரை வந்தது. நமோ பாரத் என்று பெயர் வைத்திருக்கும் இந்த ரயில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முழுத் தூரத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நிலையங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஆனந்த் விஹாரில் ரயில் நிலையம், மெட்ரோ, பேருந்து நிலையம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்படி நமோ பாரத் நிலையத்தின் இடத்தைத் தேர்ந்தார்கள். வண்டி மாறுவதற்கு வெயிலில் அலைய வேண்டியிருந்தால், மறுநாள் மனிதர் காரை எடுத்துவிடுவார் அல்லவா?

டெல்லி மெட்ரோவும் எல்லைக் கோட்டைப் பார்க்கவில்லை. 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் நடுவே ஆறு நிலையங்களோடு தொடங்கியது. 2009-இல் நொய்டா, 2010-இல் குருகிராம், 2015-இல் பரீதாபாத் என்று பக்கத்து மாநிலங்களுக்குள் போய்விட்டது.

பயணமே தேவைப்படாதவர்கள்

திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஊரிலேயே நல்ல வேலையும் கல்லூரியும் மருத்துவமனையும் இருந்தால் எதற்காக எல்லோரும் டெல்லிக்கு ஓடி வரப்போகிறார்கள்? குவாலியர், கோட்டா, பட்டியாலா, ஹிசார், பரேலி போன்ற தொலைவு நகரங்களை வளர்த்தால் அவை மக்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று எண்ணி, அவற்றுக்கு எதிர்க்காந்த நகரங்கள் என்று பெயர் வைத்தார்கள். நினைத்த அளவு இது நடக்கவில்லை. டெல்லி என்னும் பெரிய காந்தத்தின் இழுப்பு விசை குறைந்தபாடில்லை. ஒரு சாலையைப் போடுவதைவிட ஓர் ஊரை வளர்ப்பது கடினம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

துண்டு துண்டாகச் செய்தால்?

டெல்லியில் ரிங் ரயில் என்று ஒரு தடம் இருக்கிறது. சரக்கு ரயில்கள் நகரின் நடுவே வராமல் சுற்றிப் போவதற்காக 1975-இல் வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது அதைப் பயணிகளுக்கு ஏற்றபடி மேம்படுத்தினார்கள். சுமார் 35 கிலோமீட்டர் வட்டம். பல நிலையங்களுக்குப் போய்ச்சேர நல்ல பேருந்து இணைப்பு இல்லை, ரயில்களும் அடிக்கடி இல்லை. தண்டவாளம் தயாராக இருந்தும் நகரம் அதை மறந்துவிட்டது.

2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பேருந்துக்கென்று சாலை நடுவே தனித் தடம் போட்டார்கள். ஊர் முழுக்க வலைபோல விரிய வேண்டிய திட்டம், 5.8 கிலோமீட்டர் துண்டாகவே நின்றுவிட்டது. அந்தத் துண்டைத் தாண்டியதும் பேருந்து மறுபடி நெரிசலில்தான். கார் ஓட்டியவர்களும் கோபப்பட்டார்கள். 2016-இல் அதை இடித்துவிட்டார்கள்.

அதே 2016 ஜனவரியில், காற்று மாசைக் குறைப்பதற்காக, ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண் கார்களும் இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை எண் கார்களும் மட்டுமே ஓடலாம் என்று பதினைந்து நாள் விதி போட்டார்கள். அவசரத்துக்கு இது முதலுதவி. ஆனால் வீடும் வேலையும் இருந்த இடத்திலேயே இருந்தன. விதி முடிந்ததும் கார்கள் திரும்பி வந்துவிட்டன.

நம் சென்னையிலும் இப்படி எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்ற அமைப்பு இருக்கிறது. தென்மாவட்டப் பேருந்துகள் நகருக்குள் கோயம்பேடு வரை வர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேருந்து வெளியே நின்றால், அங்கிருந்து வீட்டுக்குப் போக ரயிலும் வேண்டும். அதுவும் சேர்ந்தால்தான் திட்டம் முழுசாகும்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி வாசலில் காலையில் நெரிசல் உண்டா? அதற்கு ஒரு திட்டம் போடலாம், வாருங்கள்.

1. ஒரு நோட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: எந்தத் தெருவிலிருந்து வருகிறாய்? எத்தனை மணிக்கு வந்து சேர்கிறாய்? எதில் வருகிறாய்? எந்த வழியாக வருகிறாய்?

2. ஊர் வரைபடம் ஒன்றில் ஒவ்வொரு தெருவுக்கும் புள்ளி வைத்து, பள்ளிக்குக் கோடு இழுங்கள். நிறையப் பேர் வரும் வழியில் கோடு தடிக்கும்.

3. ஒரே பக்கத்திலிருந்து தனித்தனி வண்டியில் வருகிறவர்கள் யார் யார்? அவர்கள் ஒரே வேனில் வர முடியுமா? ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தும் ஸ்கூட்டரில் வருகிறவர்கள் எத்தனை பேர்? நடைபாதை சரியாக இருந்தால் நடந்து வருவார்களா?

4. சின்ன வகுப்புகளுக்குக் கால் மணி நேரம் முன்பாக மணி அடித்தால் வாசலில் எத்தனை வண்டிகள் குறையும் என்று, மேலே நாம் போட்ட மாதிரியே கணக்குப் போடுங்கள்.

5. கடைசியாக, ஐந்தாவது பத்தி ஒன்று சேருங்கள். ஐந்து ஆண்டு கழித்து உங்கள் பள்ளியில் எத்தனை பேர் படிப்பார்கள்? புதிய குடியிருப்புகள் ஊரின் எந்தப் பக்கம் எழும்புகின்றன? அந்தப் பக்கத்துப் பேருந்து இப்போது எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது?

முடித்ததும் நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். நடைபாதை வேண்டும், பேருந்து வேண்டும் என்று நிறையப் பேர் அவரிடம் கேட்பார்கள். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று எண்ணோடு எழுதிக் கொடுத்தால், அவரும் அதை எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் பேச முடியும்.